மேற்கு பாத்த ஜன்னல்

கிருபா: ...வேண்டாம்லே பாண்டி. சர்வர் நின்னதுக்குக் கஸ்டமருக்கு, கரண்ட்டு போச்சுன்னு மட்டும் எழுதாத.

பாண்டியராஜ்: ஏன்? எல்லா கம்பெனிக்காரனும் அப்படித்தான எழுதுதான். 'மின்தடை காரணமாக'... வாசிக்கதுக்கே ஒரு கவுரவமா இருக்கு.

கிருபா: நம்ம கஸ்டமர் ஏசுவடியான் அண்ணன் இருக்காருல்லா. அவரு மச்சினன் எங்க வேலை பாக்காரு?

பாண்டியராஜ்: ...ஈபியில.

கிருபா: எந்த ஊரு ஈபியில?

பாண்டியராஜ்: நம்ம... நம்ம ஏரியாதான்.

கிருபா: நீ அனுப்பி முடிக்கதுக்குள்ள அவரு போனைப் போட்டுக் கேட்டிருவாரு. ராத்திரி ஒரு பல்பு கூட சிமிட்டலன்னு மச்சினன் சொல்லிருவாரு.

பாண்டியராஜ்: சரி. அப்ப ஃபைபர் கேபிள் அறுந்துட்டுன்னு போடுவோம். இலஞ்சி ரோட்டுல தோண்டிப் போட்டிருக்கான்லா.

கிருபா: அறுந்தா ஒட்ட வைக்க வாரது யாரு?

பாண்டியராஜ்: ஜாஹிரா பீவி அக்கா மவன்.

கிருபா: ஜாஹிரா அக்கா யாரு?

பாண்டியராஜ்: நம்ம கஸ்டமர்... எளவு, இந்த ஊருல ஒரு பொய் சொல்லிப் பிழைக்க முடியுதா பாரேன். 'திட்டமிட்ட பராமரிப்பு'ன்னு போட்டா?

கிருபா: போன சீசன்ல போட்டோமே. ஞாபகம் இருக்கா?

பாண்டியராஜ்: அதை ஏன் இப்ப கிளறுத.

கிருபா: பராமரிப்புன்னு அனுப்பிட்டு ஐந்தருவியில நீ தலையைக் குடுத்துட்டு நிக்க. பக்கத்துக் கிளையில நம்ம எலுமிச்சை யாவாரி குத்தாலிங்கம் அண்ணாச்சி நிக்காரு. 'என்னலே பாண்டி, சர்வரை இங்கனதான் பராமரிக்கியா'ன்னு கேட்டாரு. இன்னைக்கு வரைக்கும் சொல்லிச் சிரிக்காரு.

பாண்டியராஜ்: சென்னையில கம்பெனி வச்சிருந்தா இந்தத் தொல்லை உண்டா? கஸ்டமருக்கு நம்ம மூஞ்சியே தெரியாது.

கிருபா: சென்னையில ராவும் பகலும் ஏசியை ஓட்டிட்டுக் கெடந்திருப்ப. குத்தாலத்துக் குளுமைக்குப் பாதி ஏசி போதும்னு இங்கன ரூம் பிடிச்சது யாரு?

பாண்டியராஜ்: நான்தான். அந்தக் குளுமைதான் இப்ப சர்வருக்குள்ள போயி உக்காந்துட்டு.

கிருபா: அது எப்படி இருக்கு?

பாண்டியராஜ்: ரெண்டாம் நம்பர் சர்வரா? கவுத்துப் பிடிச்சேன், அதுக்குள்ள இருந்து ஒரு அருவி வருது. இனி தேறாது. ஆனா கஸ்டமர் ஒருத்தருக்கும் ஒரு எழுத்து அழியல கிருபா. பேக்கப்பைத் தூக்கி மூணாம் நம்பர்ல ஏத்தி, காலைப் பலகாரத்துக்கு முன்னால அம்புட்டையும் ஓட விட்டுட்டேன். அதுல என்னை அடிச்சுக்க ஆளு கிடையாது.

கிருபா: அதை யாரு குறை சொன்னா? ஆனா அதுக்குள்ள புளியங்குடியில எலுமிச்சை ஏலம் முடிஞ்சிட்டுல்லா. சர்வர் நின்னதால யாவாரிங்க சைட்டுல ரேட்டு ஓடல. கேரளாக்காரனுக்குப் போன்ல ஒண்ணுமே தெரியல. எலுமிச்சையை ஏத்தண்டாம், பொறுங்கன்னு லாரியை நிப்பாட்டிட்டான்.

பாண்டியராஜ்: தெரியும்.

கிருபா: மத்தியானம் யாவாரிங்க எல்லாரும் கூடுதாங்க. நம்மகிட்ட இருக்கதா, வேற கம்பெனிக்குப் போறதான்னு பேச. நம்ம கஸ்டமர்ல பாதிக்கு மேல அவங்கதான். அவங்க போயிட்டா நாம கதவைச் சாத்திட்டு, அருவிக்கரையில வாரவனுக்கு எண்ணெய் தேய்ச்சுவிடப் போவ வேண்டியதுதான்.

பாண்டியராஜ்: குத்தாலிங்கம் அண்ணாச்சி போவ விட மாட்டாரு. 'நம்ம பிள்ளைங்க, நம்பிச் சேருங்கலே'ன்னு ஒவ்வொரு கடையா ஏறி இறங்கிச் சேத்துவிட்டதே அவருதான.

கிருபா: அவருதான் காலையில போன்ல அந்தக் கத்து கத்துனாரு. 'காரணம் என்னன்னு எழுதி அனுப்பு, கூட்டத்துல வாசிக்கணும்'னு.

பாண்டியராஜ்: அவரா கத்துனாரு?

கிருபா: ஏன் ஒரு மாதிரி கேக்க?

பாண்டியராஜ்: ஒண்ணுமில்ல... எழுது.

கிருபா: உள்ளதைத்தான் எழுதப் போறேன். சர்வர் ரூம் ஜன்னல் திறந்து கெடந்துச்சு, சாரல் உள்ள வந்துட்டு, சர்வர் நனஞ்சு நின்னுட்டு.

பாண்டியராஜ்: வாசிக்கவன் சிரிப்பான்.

கிருபா: சிரிச்சுட்டுப் போட்டும். நம்ம வேலை மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. ஒரு சர்வர் செத்தும் ஒருத்தன் கணக்கும் சாவல. அதை எவன் செய்வான்? அந்தத் தைரியத்துலதான் எழுதுதேன்.

பாண்டியராஜ்: ஜன்னலைத் திறந்தது யாருன்னு கேப்பாங்களே.

கிருபா: நானும் அதைத்தான் கேக்கேன். யாரு?

பாண்டியராஜ்: ...நான்தான்.

கிருபா: நீயா.

பாண்டியராஜ்: புழுக்கமா இருந்துச்சு.

கிருபா: அந்த ரூமுலயா? துண்டைப் போத்திட்டுல்லா நீ உள்ள போவ.

பாண்டியராஜ்: நேத்து புழுக்கமா இருந்துச்சு.

கிருபா: சரி. நான் தென்காசிக்குப் போயிருந்தேன்லா, அப்ப யாரும் வந்தாங்களா?

பாண்டியராஜ்: ஒருத்தரும் வரல. நான் மட்டும்தான். இடையில டீ வாங்கப் போயிட்டு வந்தேன். அவ்வளவுதான்.

கிருபா: டீ கிளாஸ் மூணு கழுவாம கெடக்கே.

பாண்டியராஜ்: மூணும் நான் குடிச்சதுதான்.

கிருபா: ரெண்டு கிளாஸ்ல எறும்பு மொய்க்கு. ஒண்ணுல ஒரு எறும்பு கூட ஏறல. என்னைக்குலே நீ சீனி இல்லாம குடிக்க ஆரம்பிச்ச?

பாண்டியராஜ்: ஏட்டி, நீ போலீசுக்குப் போயிருக்கணும். நான்தான் திறந்தேன்னு சொல்லுதேம்லா. பாண்டியராஜ்னு பேரைப் போட்டு அனுப்பு. என் உடம்புல இருந்து ஒண்ணும் குறைஞ்சிராது.

கிருபா: ...சரி.

பாண்டியராஜ்: என்ன சரி?

கிருபா: எழுதிட்டேன், கேளு. 'வணக்கம். இன்று காலை இரண்டாம் சர்வர் நின்றதற்குக் காரணம் மின்சாரம் இல்லை, கேபிளும் இல்லை. சர்வர் அறையில் மேற்கு பார்த்த ஜன்னல் திறந்திருந்தது. இரவுச் சாரல் உள்ளே வந்துவிட்டது. உங்கள் கணக்கு, படம், ரேட்டு எதுவும் அழியவில்லை. எல்லாம் இப்போது மூன்றாம் சர்வரில் ஓடுகிறது. ஏல நேரத்தில் உங்களைத் தவிக்க விட்டதற்கு மன்னிக்க வேண்டும். இனி அந்த ஜன்னல் திறக்காது.'

பாண்டியராஜ்: நல்லாத்தான் இருக்கு. என் பேரைக் காணுமே.

கிருபா: அதுக்கப்புறம் நாலு வரி இருக்கு.

பாண்டியராஜ்: வாசி.

கிருபா: அனுப்பியாச்சு. உன் போனுக்கு வரும், வாசிச்சுக்க.

பாண்டியராஜ்: என் போன் சார்ஜ் இல்லாம செத்துக் கெடக்கு... கிருபா, என்னத்தை எழுதித் தொலைச்ச? ஏட்டி...

*

பாண்டியராஜ்: பொழுது சாயப் போவுது. கூட்டம் இந்நேரம் முடிஞ்சிருக்கும். ஒரு போனும் வரல.

கிருபா: ஜாஹிரா அக்கா போட்டாங்களே.

பாண்டியராஜ்: என்ன சொன்னாங்க?

கிருபா: 'இப்பமாவது அந்த ஜன்னலை மூடிட்டியாட்டி'ன்னு கேட்டாங்க.

பாண்டியராஜ்: அவ்வளவுதானா? போறேன்னு சொல்லலையா?

கிருபா: போறவங்க ஏன் ஜன்னலைப் பத்திக் கவலைப்படுதாங்க? பயப்படாதலே. யாவாரிங்களும் போவ மாட்டாங்க.

பாண்டியராஜ்: உனக்கு எங்கிருந்துதான் இந்தத் தைரியம் வருதோ... இரு. காரு சத்தம். அண்ணாச்சி காரு. கையில பையோட இறங்குதாரு.

கிருபா: மூஞ்சி எப்படி இருக்கு?

பாண்டியராஜ்: காலையில நீ கேட்ட சத்தம் மாதிரியேதான் இருக்கு.

குத்தாலிங்கம்: ஏலே பாண்டி, இந்தப் பையைப் பிடி.

பாண்டியராஜ்: வாங்க அண்ணாச்சி... என்ன இம்புட்டுக் கனம். எலுமிச்சம்பழமா, கல்லா?

குத்தாலிங்கம்: பழம்தான். அங்கன ஓரமா வை. இப்பமே பிரிக்காத.

கிருபா: உக்காருங்க அண்ணாச்சி. கூட்டத்துல என்ன...

குத்தாலிங்கம்: கூட்டத்தைப் பத்தி அப்புறம் பேசுவோம். நீ அனுப்புனதை ஏசுவடியான் எந்திச்சு நின்னு சத்தமா வாசிச்சான். அம்புட்டு பேரும் கேட்டானுவ.

கிருபா: சிரிச்சாங்களா?

குத்தாலிங்கம்: சிரிக்காம? சாரல் உள்ள வந்துட்டுங்கவும் நம்ம யாவாரி மந்திரமூர்த்தி துண்டை வச்சு வாயைப் பொத்திக்கிட்டான். ஏன் தாயி, கரண்ட்டு போச்சுன்னு எழுதிருக்கலாம்லா. எவன் கேக்கப் போறான்?

பாண்டியராஜ்: ஏசுவடியான் அண்ணனோட மச்சினன்...

குத்தாலிங்கம்: ...ஆமா. அவன் ஒருத்தன் இருக்கான். சரி, அதை விடு. எனக்கு ஒரே ஒரு பதில்தான் வேணும். அந்த ஜன்னலைத் திறந்த மூதி யாரு?

பாண்டியராஜ்: நான்தான் அண்ணாச்சி.

குத்தாலிங்கம்: நீயா?

பாண்டியராஜ்: புழுக்கமா இருந்துச்சு. திறந்து வச்சுட்டு மறந்துட்டேன்.

குத்தாலிங்கம்: என்னலே உளறுத? நீதான் டீ வாங்கல்லா போயிருந்த. எதுக்கு ரெண்டு பேரும் என் மூஞ்சியைப் பாக்கீங்க?

கிருபா: இவன் டீ வாங்கப் போனது உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி? நேத்து ஒருத்தருமே வரலன்னு சொன்னானே.

குத்தாலிங்கம்: அப்படியா சொன்னான்?

கிருபா: மூணு டீயையும் இவனே குடிச்சானாம். சீனி இல்லாத டீயையும் சேத்து.

குத்தாலிங்கம்: சீனி இல்லாதது என்னுதுல்லா... ஏலே, எனக்காவயா பொய் சொன்ன?

பாண்டியராஜ்: அது... உங்க வார்த்தையை நம்பித்தான யாவாரிங்க எங்ககிட்ட வந்தாங்க. சர்வர் நின்னதுக்குக் காரணமே நீங்கன்னு தெரிஞ்சா, நாளைக்கு மார்க்கெட்டுல நீங்க எப்படி நிமிந்து நடப்பீங்க? எனக்கு என்ன, நான் அந்தப் பக்கமே வாரதில்ல. பேரு போனா போவுது. அதுவுமில்லாம, நீங்க போனப்புறம் ஏசி அமந்து கெடக்கேன்னு போட்டது நான்தான். திரைச்சீலை மறைச்சுட்டு. ஜன்னலைப் பாக்கல. பாதித் தப்பு என்னுதுதான் அண்ணாச்சி.

குத்தாலிங்கம்: செங்கோட்டையில இருந்து சம்பந்தி வந்திருந்தாரு தாயி. ஐந்தருவியில குளிச்சுட்டு ஈரத் தலையோட நின்னாரு. 'வாரும், எங்க மெஷினைக் காட்டுதேன்'னு பெருமைக்குக் கூட்டியாந்துட்டேன். 'மெஷின் ஒண்ணுதான், உள்ள எங்க எல்லாருக்கும் தனித்தனி அறை, ஒருத்தன் அறைக்குள்ள இன்னொருத்தன் எட்டிப் பாக்க முடியாது'ன்னு, நீ எனக்குச் சொன்னதை எல்லாம் அப்படியே அவருக்குச் சொன்னேன்.

கிருபா: நல்லாத்தான சொல்லிருக்கீங்க.

குத்தாலிங்கம்: மனுசன் ஏசிக் குளுருல வெடவெடன்னு நடுங்குதாரு. என் மவளைக் குடுத்த வீடு. காய்ச்சல்ல படுத்துட்டாருன்னா நான் என்ன பதில் சொல்ல? ஏசியை அமத்திட்டு ஜன்னலைத் திறந்துவிட்டேன். மலைக்காத்து ஜம்முன்னு வந்துச்சு. மூடிட்டுப் போவணும்னுதான் நினைச்சேன். அவரு மெஷினைப் பத்திக் கேள்வி மேல கேள்வியா கேட்டாரா... அந்தச் சந்தோசத்துல மறந்தே போச்சு. மேற்கு பாத்த ஜன்னல்னு ஏசுவடியான் வாசிச்ச உடனேதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. இங்க வந்து யாருன்னு கேட்டது, நீங்க என்ன சொல்லுதீங்கன்னு பாக்கத்தான்.

கிருபா: எனக்குக் காலையிலயே தெரியும் அண்ணாச்சி. கேமரா இருக்குல்லா. நீங்க சம்பந்திக்குத் துண்டு எடுத்துப் போத்திவிட்டதையும் பாத்தேன்.

பாண்டியராஜ்: ஏட்டி, காலையிலயே தெரிஞ்சா என்னை ஏன் அந்த வாட்டு வாட்டுன?

கிருபா: எவ்வளவு தூரம் போவன்னு பாத்தேன். மூணு டீ வரைக்கும் போன.

குத்தாலிங்கம்: அப்ப, தெரிஞ்சுதான் அந்தக் கடைசி வரியெல்லாம் எழுதினியா தாயி?

கிருபா: ஆமா அண்ணாச்சி.

பாண்டியராஜ்: என்ன வரி? ஊருக்கே தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் இன்னும் தெரியல.

குத்தாலிங்கம்: இரு, கண்ணாடியை எடுத்துக்கிடுதேன்... இந்தா. 'ஜன்னலைத் திறந்தவர் எங்கள் வீட்டு ஆள். வேண்டுமென்று செய்யவில்லை. அவர் பெயரைச் சொல்ல மாட்டோம். இதற்காக நீங்கள் வேறு கம்பெனிக்குப் போவதாக இருந்தால் எங்களைத் திட்டிவிட்டுப் போகலாம், அவரைத் திட்டக் கூடாது.'

பாண்டியராஜ்: ...இதை எங்கிட்ட வாசிச்சிருக்கலாம்லா கிருபா.

கிருபா: வாசிச்சிருந்தா உன் பேரைப் போட்டே ஆவணும்னு நின்னிருப்ப. அண்ணாச்சி, சுத்தி வளைக்காம சொல்லுங்க. போறாங்களா, இருக்காங்களா?

குத்தாலிங்கம்: அந்த வரி வந்ததும் சிரிப்பு நின்னு போச்சு. எனக்கு உக்கார முடியல. எந்திச்சு, 'அந்த வீட்டு ஆளு நான்தாம்லே'ன்னு சொல்லிட்டேன். மந்திரமூர்த்தி என்ன சொன்னான் தெரியுமா? 'அப்ப மாத்த வேண்டியது கம்பெனியை இல்ல, அண்ணாச்சியைத்தான்'னான். ஒருத்தனும் போவல தாயி, அம்புட்டு பேரும் இங்கனதான் இருக்கான். நீ வீட்டு ஆளுன்னு எழுதிட்ட, நான் வெறுங்கையோட வருவனா? ஏலே பாண்டி, இப்பம் பையைப் பிரி... பழத்துக்கு அடியில கையை விட்டுப் பாரு. அந்த ஜன்னலுக்குக் கொண்டியும் பூட்டும் இருக்கு. சாவியை மட்டும் எங்கிட்ட குடுத்துராத.