போர்டுக்கு அடியில்

— அக்கா, அக்கா! இன்னா பண்றீங்க? போர்ட பிக்காதீங்க. காலைலதான் கட்னேன்.

— உங்க போர்டை நான் ஒண்ணும் பண்ணலை. அதுக்கு அடியில ஒரு நோட்டீஸ் இருக்கு. அதை எடுக்கணும்.

— இருங்க, நானே கம்பிய அவுக்கறேன். கையக் கிழிச்சுக்கப் போறீங்க. வூடு மாத்திக் குடுக்கற தொழில் நம்மளுது. குமரவேல்னு பேரு. ஒரு வண்டி, மூணு ஆளு. பேப்பர்ல விளம்பரம் குடுக்க நமக்கு எங்க கட்டுப்படி ஆவுது? அதான் பம்மல்லேர்ந்து நாவலூர் வரைக்கும் ஒரு கம்பம் வுடாம கட்டிகினு வரேன். கார்ப்பரேஷன்காரன் அவுத்தான்னா மறுநாளே திரும்பக் கட்டிடுவேன்.

— பாத்தேன். சேலையூர்ல நாங்க ஒட்டின எல்லாத்து மேலயும் உங்க நம்பர்தான் தொங்குது.

— 'காணவில்லை. தேவானந்தம், வயது எழுபத்து நாலு. தொடர்புக்கு, மகள் சுபத்ரா.' நீங்களா?

— ம்.

— தப்புதான்க்கா. இன்னான்னு பாக்காமலே கட்டிட்டேன். நம்ம போர்ட வேற கம்பத்துக்கு மாத்திக்கறேன். இது இங்கயே இருக்கட்டும்.

— வேண்டாம். அப்பா கிடைச்சுட்டார்.

— அப்பாடா!

— ஏரியில. காரியம் நேத்துதான் முடிஞ்சுது. போற வர்ற வழியெல்லாம் அவர் முகத்தைப் பாத்துக்கிட்டு வண்டி ஓட்ட முடியலை. அதான் ஒவ்வொண்ணா எடுத்துட்டு வரேன்.

— ஐயோ. எப்டிக்கா?

— மறதி ஜாஸ்தியாயிடுச்சு அவருக்கு. அன்னிக்குக் காலைல கேஸைத் திறந்து விட்டுட்டார். எனக்கு ஆபீஸுக்கு லேட்டு. 'எங்கயாவது போய்த் தொலைங்க'ன்னு கத்திட்டேன். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார்.

— போன் இல்லியா அவராண்ட?

— இல்லை. மேடவாக்கத்துல ஒரு டீக்கடை வாசல்ல யாரோ ஒருத்தர்கிட்ட போன் வாங்கிப் பேசினாராம். கடைக்காரர் சொன்னார். அந்த ஆளைக் கண்டுபிடிக்க முடியலை. என் நம்பர் அவருக்கு ஞாபகத்துல நிக்காது. யார்கிட்ட பேசினார்னே தெரியலை.

— எந்தக் கடை?

— பெட்ரோல் பங்க்குக்கு எதிர்ல. ஏன்?

— இன்னா கெழமைக்கா அது?

— வெள்ளிக்கிழமை, மூணு வாரம் முன்னாடி. சாயங்காலம் கூட நல்ல மழை... ஏன் உக்காந்துட்டீங்க? தண்ணி வேணுமா?

— எனக்குத்தான்க்கா போன் வந்துச்சு.

— என்ன சொல்றீங்க?

— அந்தக் கடையாண்ட நம்ம போர்டு கீது. ஒரு பெரியவர் பேசினாரு. 'வீடு மாத்தறவங்கதானே? என்னை எங்க வீட்டுல கொண்டுபோய் விடுங்க'ன்னாரு. எங்க வூடுன்னு கேட்டேன், தெரியலைன்னாரு. குடிச்சிட்டுப் பேசறாருன்னு நெனச்சுகினேன்.

— கோவமா இருந்தாரா? என்னைத் திட்டினாரா?

— இல்லக்கா. 'என் பொண்ணு ஆபீஸ்லேர்ந்து வர்ற நேரம், நான் இல்லைன்னா பயந்துடுவா, சீக்கிரம் வாப்பா'ன்னாரு. நான்தான் சிரிச்சிட்டு கட் பண்ணேன்.