சிண்டுவுக்கு மருந்து

— அத்தான், கொதிக்குற வெள்ளத்துலயா தீனிய கலக்குனீங்க? தொட்டுப் பாருங்க, கப்பு எப்படிச் சுடுகுன்னு!

— கிருமி சாவட்டும்னுதான் ஏட்டி.

— சிண்டுவுக்க நாக்குல்லா வெந்து போவும்! எளஞ்சூடு போதும்னு எத்தன மட்டம் சொல்லிட்டேன்.

— செரி செரி. ஆறட்டும். சாயங்காலம் வர அதுல கெடந்தா அதுவே குடிச்சுக்கிடும்.

— சாயங்காலம் வரையா! இந்தச் சூட்டுக்கு ரெண்டு மணிக்கூர்ல புளிச்சிரும். புளிச்சதக் குடிச்சுத்தான நாக்குல வெள்ளையா பூஞ்சணம் பிடிச்சு, டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுனோம்?

— என்ன பறவையோ! மத்தவன் வீட்டுக் கிளி ரெண்டு நெல்லக் கொறிச்சிட்டுக் கெடக்கு.

— அது பச்சக்கிளி. இது தேன் குடிக்குற ஜாதி, லோரி. இதுக்குத் தேன்வெள்ளமும் பழமும்தான். நீங்க சூரியகாந்தி விதைய வாங்கிட்டு வந்து வச்சிருக்கீங்க!

— கடைக்காரன் தந்தான், வாங்குனேன். அது கெடக்கட்டும், இது பீச்சுகத யாரு தொடைக்க? சுவரு, காலண்டரு, எனக்க காக்கிச் சட்ட, ஒண்ணு பாக்கி இல்ல.

— கூண்டுக்குப் பொறத்த பிளாஸ்டிக் ஷீட்டு கட்டச் சொன்னேன், கட்டல. எறும்பு ஏறாம இருக்க கூண்டுக்காலுக்குக் கீழ வெள்ளம் வைக்கச் சொன்னேன், அதுவும் இல்ல.

— நான் ஆட்டோ ஓட்டணுமா, இதுக்கு ஆயா வேல பாக்கணுமா டெல்சி?

— நாளைக்கு இந்நேரம் நான் பிளேன்ல இருப்பேன். மஸ்கட்டுல நோயாளியப் பாப்பேனா, இதையே நெனச்சுட்டு நிப்பேனா?

— அப்போ அடுத்த மாசம் போ. என்ன அவசரம்?

— ரெண்டு மட்டம் தள்ளியாச்சு. இனியும் தள்ளுனா அந்த ஆஸ்பத்திரிக்காரன் வேற நர்ஸ எடுத்துருவான்.

— பக்கத்து வீட்டு லீலாபாய் அக்காகிட்ட விட்டுட்டுப் போயேன்.

— அங்க ரெண்டு பூனை நடக்குகு. ஒங்களுக்கு சிண்டு செத்தாலும் ஒண்ணும் இல்ல. செரி, மருந்தாவது ஒழுங்காக் குடுப்பீங்களா? எப்படிக் குடுக்கணும், சொல்லுங்க பாப்போம்.

— வாயப் பொளந்து உள்ள ஊத்தணும்.

— கர்த்தாவே! மூச்சுக்குழலுக்குள்ள போயி அந்த நிமிஷமே சாவும். சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்ட வத்திப் போச்சு. அந்த சிரிஞ்ச இங்க தாங்க. கடைசியா ஒரு மட்டம் குடுத்துக் காட்டுகேன். சிண்டு, வா மக்கா...

— வேண்டாம் டெல்சி.

— ஒரு நிமிஷம்தான். அதப் பிடிங்க.

— குடுக்காதன்னு சொல்லுகேன்லா! கீழ வை அத!

— என்னத்துக்கு இப்படிக் கத்துகீங்க?

— ரெண்டாவது மட்டம் குடுத்தா மருந்து கூடிப்போவும். காலம்பெற நீ சர்ச்சுக்குப் போயிருந்தப்போ நான் குடுத்துட்டேன்.

— நீங்களா?

— துண்டுல சுத்திப் பிடிச்சு, அலகுக்க ஓரமா, சொட்டுச் சொட்டா. முழுங்குனப்பொறம்தான் அடுத்த சொட்டு. டார்ச் அடிச்சும் பாத்தேன். நாக்குல வெள்ள கொறஞ்சிருக்கு.

— இவ்வளவும் தெரிஞ்சிருந்தும், ஒண்ணும் தெரியாத மாதிரி எதுக்கு என்ன இந்தப் பாடு படுத்துனீங்க?

— தெரியும்னு சொன்னா நீ நாளைக்கு நிம்மதியா ஏறிப் போயிருவல்லா.