வெறுங்கால் மிருகம்

காலை ஒன்பது பத்து. தின்கன்ஜூனிலிருந்து லத்தா போகும் டவுன் பஸ்ஸின் ஜன்னலோர இருக்கையில் பச்சை ரப்பர்த் தலை ஒன்று உட்கார்ந்திருந்தது. அதைப் பிடித்தபடி ஓர் அத்தானும் மைத்துனனும் நின்றார்கள். லத்தாவில் பொம்மைக் கடை ஒன்றின் வாசலில், டிவியில் வரும் ஜப்பான் தொடரை நடித்துக் காட்டுபவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. விண்வெளியிலிருந்து வந்த ராட்சத வீரன் அத்தான். பச்சைத் தலையை மாட்டிக்கொண்டு அவனிடம் உதைபட்டுத் தோற்கும் மிருகம் மைத்துனன்.

“மாப்ளே, இன்னைக்கு நீ ஜெயிச்சுக்கோ. நான் மிருகமாயிடுறேன்.”

“என்னத்தான், திடீர்னு?”

“தீமிதிக்குக் காப்புக் கட்டிட்டேன்ல. செருப்பே போடக் கூடாது. வீரனுக்கு முழங்கால் வரைக்கும் பூட்ஸ். மிருகம்னா வெறுங்காலோட நிக்கலாம்.”

“கடை முதலாளி சயா என்ன சொன்னாரு?”

“சரின்னுட்டாரு.”

“உங்க பாப்பா என்ன சொன்னா?”



“அப்பாதான் வீரன்னு பள்ளிக்கூடம் பூரா சொல்லிவச்சிருக்கா. இன்னைக்கு சிநேகிதிங்களையும் வரச் சொல்லியிருக்கா. காலையில விஷயத்தைச் சொன்னேன். எழுந்து அம்மாவோட முந்தின பஸ்லயே போயிட்டா.”

“நான் மெதுவாத்தான் உதைப்பேன், அத்தான்.”

“மெதுவா உதைச்சா பிள்ளைங்க சிரிக்கும். மூணு மாசமா நான் உன்னை மெதுவாவா உதைச்சேன்?”

“அதைத்தான் நானும் நெனச்சுட்டிருக்கேன்.”

இருவரும் சிரித்தார்கள்.

லத்தா நிறுத்தத்தில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அம்மாவோடு காத்திருந்தாள். அத்தான் இறங்கியதும் “அப்பா” என்று ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்று அப்பாவை உதைக்கப்போகும் மாமா இரண்டு முறை கூப்பிட்டும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.