மூட்டை சுமந்தவர்களும் வெங்காயம் அறுத்தவர்களும்: பாசிலியா கொல்கே நினைவில்

துக்கத்தோடு கூடியிருக்கும் சான் எலோய் மக்களே! மேடையில் என் வலப்பக்கம் அமர்ந்திருக்கும் வெங்காய விவசாயிகள் சங்கத் தலைவர் வென்செஸ்லாவோ வில்கா அவர்களே, தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருப்பதால் பேச முடியாமல், கையைப் பிடித்து என்னை எழுப்பிவிட்டவரே! பாதிரியார் அவர்களே! முதல் வரிசையில் மகளைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் சதுர்னினா அம்மையாரே! அதே வரிசையின் மறுகோடியில் இருக்கும் இந்தச் சிரிய லெபனான் சங்கத்தின் தலைவரும், என் உடன்பிறந்த அண்ணனுமாகிய ஹலீம் அப்துனூர் அவர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தக் கிழவனின் வணக்கம்.

இந்த மண்டபத்தைக் கட்டித் தொண்ணூறு ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை ஆண்டுகளில் பொலிவியாக்காரர் இதற்குள் வந்ததே இல்லையா? வந்தார்கள். தட்டுக் கழுவ, அடுக்களை வாசல் வழியாக வந்தார்கள். இன்றுதான் முன்வாசல் வழியாக வந்திருக்கிறீர்கள். அதற்கு ஒரு சாவு வேண்டியிருந்தது என்றால், இந்தக் கட்டடத்தின் பெருமையை நான் என்னவென்று சொல்வேன்!

ஆசிரியை பாசிலியா கொல்கே! பொலிவியாவின் பொத்தோசியிலிருந்து எல்லை தாண்டிக் கூலிக்கு வந்த ஒரு வெங்காயம் அறுப்பவரின் மகள். நான் இருபத்தாறு ஆண்டுகள் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் என் மாணவி. பின்பு அதே பள்ளியில் சமூகவியல் ஆசிரியை. முப்பத்தெட்டு வயது. முப்பத்தெட்டு வயதுதான், ஐயா!

அவரைப் புகழ்வதற்கு முன்பு நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அவருக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்குப் பின்னால் ஓடும் பாசனக் கால்வாயில் மூன்று பையன்கள் அந்தப் பெண்ணைக் குப்புறத் தள்ளி, தலைமயிரைப் பிடித்துத் தூக்கி, வாய் நிறையச் சேற்றை அடைத்தார்கள். "தின்னுடி பொலிட்டா! உங்க ஊர்ல இதானே சோறு?" என்று, பொலிவியரை ஏசும் சொல்லைச் சொல்லிக் கேட்டவன் என் அண்ணன் மகன் ரமிரோ. பாசிலியா அவன் விரலை எலும்பு தெரியக் கடித்துவிட்டார். இருவரையும் என் அறைக்குக் கொண்டுவந்தார்கள். ஒருத்தி வாயில் சேறு, ஒருவன் கையில் ரத்தம். நான் என்ன தீர்ப்புச் சொன்னேன்? கடித்தவளுக்கு மூன்று நாள் பள்ளி நீக்கம்! சேறு ஊட்டியவனுக்கு, "போடா, இனிமே பண்ணாதே!"

பல ஆண்டுகள் கழித்து, சக ஆசிரியையாக என் எதிரில் உட்கார்ந்து மாத்தே இலைத் தேநீர் உறிஞ்சிக்கொண்டே அவர் சொன்னார்: "அன்னைக்கு நீங்க எனக்கு ஒரு பாடம் எடுத்தீங்க சார். பாடத்திட்டத்துல இல்லாத பாடம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நம் சிரிய லெபனான் சங்க விழாவுக்கு நான் ஓர் உரை எழுதினேன். "வெறுங்கையோடு வந்தோம். வியர்வை சிந்தி உயர்ந்தோம். பின்னால் வந்தவர்கள் எங்களைப் பார்த்துக் கற்கட்டும்." இதை அவரிடம் படித்துக் காட்டினேன். என் அகந்தையைப் பாருங்கள்!

"இது உண்மைன்னு யார் சார் சொன்னா?"

"எங்க தாத்தா சொன்னாரும்மா. பெட்டியைத் தோள்ல மாட்டிக்கிட்டு, ஊசி நூல் சீப்புன்னு பண்ணை பண்ணையா நடந்தவரு. கையில காலணா கிடையாது."

"எங்கப்பாவும் வெறுங்கையோடதான் வந்தாரு. நாப்பது வருஷமாச்சு. இன்னைக்கும் அதே வெறுங்கைதான். ஏன்னு பாத்துடலாமா சார்?"

"உழைச்சா..."

"எங்கப்பா உழைக்கலைன்னு சொல்றீங்களா?"

அவர் சைக்கிளை எடுத்தார்.

அந்த நாள் முதல் இரண்டரை ஆண்டுகள், இந்த ஊரின் அரபு வீடுகளுக்கும் பொலிவிய வீடுகளுக்கும் வீடு வீடாகப் போனார். யார் முதலில் வந்தது, எப்போது குடியேற்றக் காகிதம் கிடைத்தது, நிலம் எப்போது, பிள்ளைகள் எதுவரை படித்தார்கள், யார் எப்படிச் செத்தார்கள் என்று கேட்டார். சில வீடுகளில் காப்பி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். கெண்டைக்காலில் ரத்தம் ஒழுக, கேட்டுக்கு வெளியே நின்றபடி, "நாலாவது கேள்வி இன்னும் பாக்கி இருக்குங்க" என்றாராம். அந்த வீட்டுக்காரர் இங்கேதான் இருக்கிறார். தலையை நிமிர்த்த வேண்டாம் ஐயா, நான் பெயர் சொல்லப்போவதில்லை.

என்ன கண்டார்? நம் அரபுக்காரர்களில் எழுபத்திரண்டு குடும்பங்கள். முதல் ஆள் வந்திறங்கி நாற்பது ஆண்டுகளுக்குள் சொந்தக் கடையோ நிலமோ கண்டவை ஐம்பத்தெட்டு. பொலிவியர்களில் அவர் பார்த்து முடித்தவை இருநூற்றுப் பத்தொன்பது குடும்பங்கள். அதே நாற்பது ஆண்டுகளில் நிலம் கண்டவை பதினொன்று. பதினொன்றே பதினொன்று!

உழைப்பிலா வித்தியாசம்? நம் தாத்தாக்கள் நடந்தார்கள், உண்மை. பொலிவியர்கள் ஆறு வயதுப் பிள்ளையையும் வரப்பில் உட்காரவைத்து, முதுகு ஒடியக் குனிந்தே நாற்பது ஆண்டு கழித்தார்கள், அதுவும் உண்மை. பின் எதில் வித்தியாசம்? என் தாத்தா யூசுப் துறைமுகத்தில் இறங்கினார், குமாஸ்தா "ஹோசே" என்று எழுதினான், மாலைக்குள் காகிதம் கையில். கேட்பாரற்றுக் கிடந்த நிலத்தை அரசாங்கம் கூவிக் கூவி விற்ற காலம் அது. சரக்கை நம்பிக் கொடுக்க நகரத்தில் நம்மவர் மொத்தக் கடை இருந்தது. நம்மையும் "துருக்கன்" என்று ஏசினார்கள்தான். ஆனால் நாலாம் தலைமுறைக்கு ரமிரோ என்று பெயர் வைத்தோம், வசை உதிர்ந்துபோயிற்று. பொத்தோசிக்காரர் வந்தபோது நிலத்துக்கெல்லாம் வேலி போட்டாகிவிட்டது. காகிதத்துக்குப் பதினாறு ஆண்டு அலைந்தார். பெயரை மாற்றலாம், கன்னத்து எலும்பை எப்படி மாற்றுவது? இங்கேயே பிறந்த அவர் பேத்தியை இன்றும் பேருந்தில் கேட்கிறார்கள், "எந்த ஊர்லேர்ந்து வர்றே?" என்று.

தன்னவரை மட்டும் தூக்கிப் பிடித்தாரா பாசிலியா? இல்லை! பொலிவியர்களில் கூரையில்லாத விதவை ஒருத்திகூட இல்லை, இருபது வீட்டார் சேர்ந்து ஒரே ஞாயிறில் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள் என்று எழுதினார். நம் தெருவில், உறவுக்காரர் எட்டிப் பார்க்காமல் பசியோடு கிடந்த மூன்று கிழவிகளைக் கண்டுபிடித்து எழுதினார். அதே கையால், பெண்டாட்டியை அடித்து நொறுக்கும் பொலிவிய வீடுகளையும் எழுதினார். வெங்காய விவசாயிகள் சங்கத்து ஆண்கள் போய், "டீச்சர், இதை விட்டுடுங்க, நம்ம மானம் போயிடும்" என்றார்கள்.

"அரபு வீட்டைப் பத்தி எழுதினேன்ல? நம்ம வீட்டை எழுதாம விட்டா அதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்லண்ணே, புறணி" என்றார். வில்கா அவர்கள் தலையை ஆட்டுகிறார். போய்க் கேட்டவர்களில் அவரும் ஒருவர்.

யார் எப்படிச் செத்தார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். நூறு ஆண்டுகளுக்கு முன்பு என் தாத்தாவின் அண்ணன் மிகாயேல், பெட்டியோடு மேட்டுநிலத்துக்குப் போனவர், திரும்பவில்லை. சரக்குக்காகக் கழுத்தை அறுத்து, உடலைத் துண்டாக்கி, முட்புதரோடு சேர்த்து எரித்துவிட்டார்கள். தாத்தா நகரத்து வணிகர்களிடம் ஓடினார். அவர்கள் ஆளுநர் வாசலில் போய் நின்றார்கள். சாம்பலில் எலும்பும் சட்டைப் பொத்தானும் கிடைத்தன, கொன்றவர்கள் கூண்டில் ஏறினார்கள். அந்தக் கோப்பைத் தேடியெடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் பாசிலியா சொன்னார்:

"உங்க பெரிய தாத்தா செத்ததுக்குப் பதினாலு போலீஸ்காரங்க குதிரையில போனாங்க சார். எங்க சித்தப்பாவைச் செங்கல் சூளையில மேஸ்திரி மண்வெட்டியால அடிச்சுக் கொன்னான். ஊரே பாத்துச்சு. ஸ்டேஷன்ல என்ன எழுதினாங்க தெரியுமா? குடிச்சிட்டு விழுந்துட்டாராம். ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் செத்தாங்க. கேக்கறதுக்கு ஆள் இருந்துச்சா இல்லையாங்கறதுதான் வித்தியாசம்."

கேட்பதற்கு ஆள்! அன்பர்களே, இந்தச் சொல்தான் பத்தொன்பது நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை, உச்சிவெயில். விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுத காலம் போதும் என்று நாற்பது பொலிவியக் குடும்பங்கள் நிலத்தை நேரடியாகக் குத்தகைக்கு எடுத்து, சொந்தக் கொட்டகை போட்டு, முதல் அறுவடையை மூட்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். இதுவரை அவர்கள் வெங்காயத்தை வாங்கி விற்றுக் கொழுத்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. கொழுத்தவர்களில் என் குடும்பமும் உண்டு. அன்று நானும் அந்தக் கொட்டகையில் இருந்தேன். "ஒரு தடவை வந்து பாருங்க சார்" என்று பாசிலியா அழைத்துப் போயிருந்தார்.

ஆறு வண்டிகள் வந்தன. முப்பது பேர். கோடாலிக் காம்பு, சங்கிலி, பெட்ரோல் கேன். ஒரு வார்த்தை பேசவில்லை. முதலில் வாசலில் வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்த பெண்களை அடித்தார்கள். ஒருத்தியின் பின்னலைப் பிடித்து, அவள் கையிலிருந்த கத்தரியாலேயே அறுத்து எறிந்தார்கள். ஒருவனுடைய முழங்கை, நான் கேட்டேன், காய்ந்த சுள்ளி போல ஒடிந்தது. மூட்டைகள்மேல் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். வில்கா தடுக்கப் போனார். காம்பு அவர் தாடையில் விழுந்தது. பற்கள் தரையில் சிதறின.

"யாருடா உங்களுக்குக் கொட்டகை போடச் சொன்னது? யாருகிட்டடா கேட்டீங்க?"

பாசிலியா ஓடிப்போய், விழுந்து கிடந்தவருக்கு மேல் கால்களை அகட்டி நின்றார். வெறுங்கை. நான் எங்கே இருந்தேன்? மரப்பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தேன். எழுபத்தொரு வயதுத் தலைமையாசிரியன், சத்தம் வராமலிருக்க என் முஷ்டியை என் வாயிலேயே திணித்துக்கொண்டு குந்தியிருந்தேன். பெட்டிப் பலகைகளின் இடுக்கு வழியாக எல்லாம் தெரிந்தது. அவருக்கும் எனக்கும் நடுவே எட்டடிகூட இல்லை.

முதல் அடி தோளில். அசையவில்லை. இரண்டாவது அடி விலாவில். முட்டி மடிந்தும் மறுபடி எழுந்தார். மூன்றாவது அடி தலையில். வெங்காய மூட்டை சரிவதுபோல வில்காவின்மேல் சரிந்தார். விழுந்த பிறகும் அவன் அடித்தான். ஐந்து வரை எண்ணினேன். அதன்பின் கண்ணை மூடிக்கொண்டேன்.

நான்கு நாள் ஆஸ்பத்திரியில் மூச்சு மட்டும் இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

போலீஸ்காரர் என்னிடம் கேட்டார். நான் சொன்னேன்: "ஒரே புகையா இருந்துச்சுங்க. முகம் தெரியல." அடிபட்ட பொலிவியர்கள் பதினேழு பேர் பெயர் சொன்னார்கள். அவர்கள் ஒரு பக்கத்துக்காரர்கள், பகையில் சொல்கிறார்கள் என்று தள்ளிவிட்டார்கள். பதினேழு வாயைவிட மூடிய ஒரு வாய்க்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் அது அப்துனூர் வீட்டு வாய்!

இன்று மேடையேறும்போது சதுர்னினா அம்மையார் என் கையைப் பிடித்துக் கேட்டார்: "வாத்தியாரே, நீங்க அங்கதானே இருந்தீங்க? என் பொண்ணு கடைசியா என்ன சொன்னா?" நான் பதில் சொல்லாமல் படியேறினேன். இப்போது சொல்கிறேன், அம்மா.

உங்கள் மகள் கடைசியாகச் சொன்னது இதுதான்: "காம்பைக் கீழ போடு ரமிரோ. உன்னை எனக்குத் தெரியும்."

ரமிரோ அப்துனூர். என் அண்ணன் மகன். புகை இல்லை. முகம் தெரிந்தது.

கத்துங்கள், பின்வரிசையில் இருப்பவர்களே, நன்றாகக் கத்துங்கள்! நாற்காலியை எறிகிறவர் எறியட்டும், நான் ஒளிந்துகொள்ள இங்கே பெட்டிகள் இல்லை. அன்று மாலையே அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். "நீ ஒண்ணும் பாக்கல எமிலியோ. அவன் உன் மடியில வளந்த பய" என்றார். அது பொய்யில்லை. அவனுக்கு நடை பழக்கியவன் நான். கால்வாயில் அவன் செய்ததற்கு "போடா" என்று சொல்லி, இதற்கும் பழக்கியவன் நான்.

பாசிலியா கொல்கே! பேர்பெற்ற ஆசிரியையே! உங்களுக்கு நான் என்ன உறுதி கொடுப்பேன்? சிலை வைப்பேன் என்றா? தெருவுக்குப் பெயர் சூட்டுவேன் என்றா? நீங்கள் போகாமல் விட்ட வீடுகள் முப்பத்தொன்று. திங்கட்கிழமை முதல் நான் போகிறேன். சைக்கிள் ஓட்ட வயதில்லை, நடந்தே போகிறேன். நாய் கடித்தாலும் நாலாவது கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் வருவேன். நீங்கள் எழுதியதைப் போலவே, எவர் மானத்துக்கும் அஞ்சாமல் எழுதுவேன்.

அது திங்கட்கிழமை. இன்றைக்குச் செய்ய வேண்டியது வேறு. என் சாட்சியத்தை எழுதிக்கொள்ள அரசு வழக்கறிஞர் அம்மையாரை நான்தான் வரச் சொன்னேன். வாசலில் வண்டியில் உட்கார்ந்திருக்கிறார்.

அண்ணன் எழுந்து நின்று, "எறங்குடா கீழ!" என்கிறார். உங்களுக்குக் கேட்டதா? இறங்கத்தான் போகிறேன், அண்ணா. அந்தப் படியிலிருந்து கொஞ்சம் விலகி நில். நான் வாசலுக்குப் போக வேண்டும்.