தனியாள் அளவைக் கருவியைத் தேர்ந்தளித்த தலைமை அளவையர் திரு. ஜெபசீலன் அவர்களுக்கு

பொருநைக் கரையின் புஞ்சையும் நஞ்சையும் பொய்யின்றி அளந்த பெருந்தகையே! வரப்புச் சண்டையோடு வந்தவர்களை வரைபடம் காட்டி அமைதியாக வழியனுப்பிய அண்ணலே! முப்பத்தோராண்டு இவ்வலுவலகத்தில் பணியாற்றி, எங்களோடு வெயிலில் நின்ற தலைமை அளவையரே! வணங்குகிறோம்.

தங்கள் பணிகளையெல்லாம் பாட இம்மடலில் இடம் போதாது. ஒன்றை மட்டும் சொல்கிறோம்.

1997 ஆனி மாதம், நம் அலுவலகத்துக்கு ரோபோ கருவி வாங்க முடிவாயிற்று. ஒளியைத் திருப்பியனுப்பும் பிரிசம் பொருத்திய கோலை ஒருவர் பிடித்து நடந்தால், முக்காலியில் நிற்கும் கருவி தானே திரும்பித் தொடர்ந்து அளக்கும். உரிமையாளர் அருணாசலம் அண்ணாச்சி தங்களிடம், "இனிமே நீரு ஒருத்தரே போதும்வே. கோல் பிடிக்க ரெண்டு பேரையும் நிறுத்திரலாம்" என்றார். அந்த இருவரான இசக்கியம்மாவும் ஹாஜாவும் வாசலில் நின்று அதைக் கேட்டார்கள்.

ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சென்னை விற்பனையாளர் கொண்டுவந்த இரு கருவிகளும் பேட்டைப் பொட்டலில் பிசகின்றி அளந்தன. அவர் கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினார். தாங்களோ, "வாழைத் தோட்டத்துலயும் பாத்துருவோம்" என்றீர்கள்.

சேரன்மகாதேவியில் காற்று வாழையிலைகளை அலைக்கழித்தது. இலை கோலை மறைத்ததும், விரைவில் மிஞ்சிய முதற்கருவி சுற்றித் தேடி, வரப்போரம் நின்ற சைக்கிளின் சிவப்பு ரிஃப்ளெக்டரைப் பிடித்துக்கொண்டு, அதையே மூலைக்கல் என்று பதிந்தது. "சார், நான் இங்கன நிக்கேன், அது அங்கன சைக்கிளைப் பாக்குது!" என்று இசக்கியம்மா கத்தினார். இரண்டாம் கருவி, கோல் மறைந்ததும் நின்றுவிட்டது; மறுபடி காணும்வரை எதையும் பதியவில்லை.

"தெரியலைன்னா நின்னுருது. இதான் வேணும். தப்பா அளந்தா ஒருத்தன் நிலம் இன்னொருத்தனுக்குப் போயிரும்" என்று அதையே தேர்ந்தீர்கள்.

அதோடு தாங்கள் நிறுத்தியிருக்கலாம். அன்று மாலையே அண்ணாச்சியிடம் சென்று, "கருவிப் பக்கம் நின்னது நான். அங்கனதான் இப்ப ஆள் வேண்டாம். மண்ணுக்குள்ள கிடக்க கல்லைத் தேடி எடுக்கது கோல் பிடிக்கவங்க. இசக்கியம்மாவை அனுப்புங்க. வாழைக்குள்ள போனா ஹாஜாவும் கூட வேணும்" என்றீர்கள்.

அண்ணாச்சி கேட்டார்: "ரிட்டயராக உமக்கு இன்னும் நாலு வருசம் இருக்கேவே?"

"அதுக்காக மாத்திச் சொல்ல முடியுமா?"

வீட்டுக்குக் கிளம்புகையில் மட்டும் ஹாஜாவிடம், "வீட்டுல ஞானசௌந்தரிட்ட என்ன சொல்லப் போறேன்னு தெரியல" என்றீர்கள். அதன்பின் இரண்டாண்டு அலுவலக மேசையில் அமர்ந்து கணக்கீடுகளைச் சரிபார்த்தீர்கள். வெளிவேலை போனதைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை.

பத்தாம் வகுப்பு தேறி, பதினான்கு ஆண்டு கோல் பிடித்த இசக்கியம்மா, கருவியோடு தனியே வயலிறங்கினார். சென்ற மாதம் கொற்கையில் அவர் அளந்து தந்த கோட்டில், எட்டாண்டு பேசாதிருந்த அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து நின்று கல் நட்டார்கள். அந்த வரைபடத்தைச் சிவப்புப் பேனாவோடு வாங்கிய தாங்கள், ஓரிடமும் திருத்தாமல் திருப்பித் தந்தீர்கள். இன்னும் இரண்டாண்டு இருக்கையிலேயே, மறுநாள் காலை ஓய்வுக் கடிதம் கொடுத்தீர்கள்.

எங்களில் ஒருவரும் வேலையிழக்காதபடி தம் வேலையை விட்டுக்கொடுத்த தகையாளரே! துணைவியார் ஞானசௌந்தரி அம்மையாருடன் நோயின்றி, குறையின்றி, நூறாண்டு நிறைவாக வாழ்க!

இங்ஙனம்,
இசக்கியம்மா, ஹாஜா, மற்றும் அலுவலகப் பணியாளர்கள்
பாளையங்கோட்டை, 30.4.1999