பாசி வளர்த்தவர்

சிராங்கூன் சாலையில் பஸ் நகர்ந்ததும், எனக்கு முன் இருக்கையில் இருந்தவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்: "ஒரு மாசமா வளத்த பாசிய நானே கழுவிட்டேன் லா."

எண்பதுகளின் தொடக்கம்; நகரின் நடுவே ஓடும் ஆற்றை அரசாங்கம் சுத்தம் செய்துகொண்டிருந்த காலம்.

"பாசிய எதுக்குய்யா வளக்கணும்?"

"ஆராய்ச்சிக்கு. கண்ணாடித் துண்டுகள ஆத்துக்குள்ள தொங்கவிடுவோம். மேல வழவழன்னு ஒரு படலம் படியும். அதுல என்னென்ன கிருமி வாழுதுன்னு பாத்தா, ஆறு தேறுதா இல்லையான்னு தெரிஞ்சிடும்."

"சரி, அப்புறம்?"

"லேபுக்குக் கொண்டாந்தேன். வருஷக்கணக்கா அங்க கண்ணாடிச் சாமான் கழுவின கையில்லையா? அழுக்கப் பாத்ததும் சும்மா இருக்கல. சோப்புப் போட்டுத் தேச்சு, தொடச்சு, வரிசையா காய வச்சப்புறம்தான் எனக்கே உறைச்சுது. ஒரு பொட்டுப் பாசி இல்ல. பளபளன்னு இருக்கு."

"பாஸ் ஏசினாரா?"

"ஏசிட்டு, மறுபடியும் தொங்கவிடச் சொல்லிட்டாரு. அது பரவால்ல. வீட்டுலதான் இதப் பத்தி மூச்சு விடல."

"ஏன்?"

"கல்யாணமான நாள்லேர்ந்து எனக்குத் தட்டு கழுவ வராதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."