நாட் அவுட்

“நேத்து மேட்ச்ல நம்மள தோக்கடிச்சதே செஞ்சுரி போட்டவன்தான்.”

சுங்குவார்சத்திரத்தில் நான் ஏறிய கார் கம்பெனி பஸ்ஸில், என் முன் இருக்கையிலிருந்து இந்தக் குரல் வந்தது. அவர் பக்கத்தில், அவரைப் போலவே கம்பெனியின் நீலச் சட்டையில் ஒரு திருநெல்வேலிக்காரர்.

“எப்டிண்ணே சொல்லுதீங்க?”

“கடைசி வரைக்கும் நாட் அவுட்டா உருட்டிக்கினே கீறான்பா. அடிச்சு ஆடி அவுட்டானா அடுத்த மேட்ச்ல தூக்கிடுவாங்கன்னு பயம். டீமே அப்டித்தான். தன் எடத்த காப்பாத்திக்கிறவன் எங்க ஜெயிப்பான்?”

“அது சரி. நேத்து நம்ம லைன்ல போல்ட் இல்லாம ஒரு கார் கதவு வந்துச்சே, பாத்துட்டும் ஏண்ணே லைனை நிறுத்தல?”

“நிறுத்துனா, லைன நிறுத்துனவன்னு போர்டுல என் பேர எழுதிடுவாங்க. அடுத்த மாசம் காண்ட்ராக்ட் முடியுது இல்ல?”

“அப்ப நீங்களும் நாட் அவுட்டுதாம்ணே.”